ஈரம் போன மலை

கிண்டியிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் உட்கார்ந்தால் வலப்புறம் பரங்கிமலை தெரியும். சற்று நேரத்தில் விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் குன்றுகள், அதையடுத்துப் பல்லாவரம். எதுவும் பெரிய மலை இல்லை. பரங்கிமலையின் உயரமே ஏறக்குறைய 300 அடிதான். ஆனால் அந்தக் கருங்கல் உருவான காலத்தில் அதன் தலைக்கு மேலே 20 கிலோமீட்டருக்கும் கூடுதலாக வேறு பாறை கவிந்திருந்தது. எவரெஸ்ட்டை இரண்டு முறை அடுக்கினாலும் அந்தத் தடிமன் வராது. அது நடந்தது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அங்கே அப்போது நிலவிய வெப்பம் 700 டிகிரி செல்சியசுக்கும் மேல்.

பாறைகளை மூன்றாகப் பிரித்துப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். உருகிய குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை. மணலும் சேறும் சிப்பியும் படிந்து இறுகினால் படிவுப் பாறை. ஏற்கெனவே இருக்கும் பாறை வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிக்கி வேறொன்றாக மாறினால் உருமாறிய பாறை. பாடம் சரியானதுதான். ஆனால் பல்லாவரத்துக் கல் ஒன்றைக் கையில் கொடுத்து, இது இந்த மூன்றில் எது என்று கேட்டால் விஷயம் சிக்கலாகிவிடும். நிலவியலாளர்களே இந்தக் கேள்வியில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இரண்டு கட்சியாக நின்றிருக்கிறார்கள்.

அந்த வழக்கைத் தொடர்ந்து போனால் பாறைகள் பிறக்கும் விதம் முழுவதுமே அதற்குள் வந்துவிடுகிறது. பாடப்புத்தகம் போதுமான அளவு சொல்லாத ஒன்றும் அதில் தெரிகிறது. கல் பிறப்பது என்றதும் நமக்கு நெருப்பும் எரிமலையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு பாறை கடைசியில் என்னவாகும் என்பதை முடிவுசெய்வதில் தண்ணீருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பல இடங்களில் அது நெருப்பின் பங்கைவிடப் பெரியது என்பதே என் எண்ணம். பல்லாவரம் அதற்கு நல்ல சாட்சி.

கல்லறையில் கிடைத்த கல்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1690இல் கல்கத்தாவில் குடியிருப்பு அமைத்த ஜாப் சார்னாக், 1693 ஜனவரியில் இறந்தார். அவருடைய சமாதி செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இன்றும் இருக்கிறது. அந்தச் சமாதிக் கல் வங்காளத்தில் எடுத்ததல்ல. கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் நிலம் அது. கல்கத்தாவைச் சுற்றி எவ்வளவு தோண்டினாலும் சேறும் மணலும்தான் வரும். நல்ல கல் வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் வரவேண்டும். சார்னாக்கின் கல் சென்னையிலிருந்து போனது.

200 ஆண்டுகள் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹென்றி ஹாலந்து என்ற இளைஞர் அந்தக் கல்லின் மீது அக்கறை கொண்டார். பாறையைப் படிக்க நிலவியலாளர்கள் ஓர் அழகான வழி வைத்திருக்கிறார்கள். ஒரு சில்லை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் மெலிவுக்குத் தேய்த்துவிடுவார்கள். அந்த மெலிவில் கருங்கல் வழியாகக்கூட வெளிச்சம் ஊடுருவும். நுண்ணோக்கியில் வைத்து, ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் செலுத்தினால் ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய நிறத்தில் ஒளிரும். கறுப்பாகவும் சாம்பலாகவும் கிடந்த கல்லுக்குள் மஞ்சள், நீலம், ஊதா எல்லாம் தெரியவரும். ஹாலந்து அதில் குவார்ட்ஸைக் கண்டார். ஃபெல்ட்ஸ்பாரைக் கண்டார். கிரானைட்டில் சாதாரணமாகப் பார்க்க முடியாத ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமத்தையும் கண்டார். பல்லாவரம், பரங்கிமலைக் கல்லிலும் இதே சேர்க்கைதான் இருந்தது. 1893இல் அவர் எழுதிய கட்டுரை இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் சூட்டியது. 1900இல் அதைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். நீலகிரியும் சேர்வராயன் மலையும் இதே பாறைக் குடும்பம். உலகத்தின் எந்த மூலையில் இந்த வகைப் பாறை கிடைத்தாலும் இப்போது இதே பெயர்தான். பல்லாவரத்தின் பெயர் அதற்குக் கிடைக்காமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஹைப்பர்ஸ்தீன் ஏன் முக்கியம்? வேதிச் சேர்க்கையைப் பார்த்தால் பல்லாவரத்துக் கல்லுக்கும் சாதாரண கிரானைட்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு அதிலுள்ள கரிய கனிமங்களில் இருக்கிறது. கிரானைட்டில் கரும்புள்ளிகளாகத் தெரிபவை பெரும்பாலும் மைக்கா, அதாவது நாம் காக்காப்பொன் என்று சொல்வது. சிலவற்றில் ஹார்ன்பிளெண்ட் இருக்கும். இவ்விரண்டு கனிமங்களுக்குள்ளும் நீர் உண்டு. துளையில் தேங்கிய ஈரத்தைச் சொல்லவில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் படிகத்தின் கட்டமைப்பிலேயே பிணைந்து நிற்கின்றன. மைக்காவின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கு இப்படிப்பட்ட நீர். ஹைப்பர்ஸ்தீனில் அது அறவே கிடையாது. இரும்பு, மக்னீசியம், சிலிக்கா எல்லாம் இருக்க, நீர் மட்டும் இல்லை. அப்படியென்றால் பல்லாவரத்துக் கல்லுக்கு வரவேண்டிய தண்ணீர் எங்கே போயிற்று? வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

குழம்பும் நீரும்

முதலில் தீப்பாறைக் கட்சியின் பக்கம்.

பூமியின் மேலோட்டுக்கு அடியில் எங்கும் குழம்புக் கடல் ததும்பிக்கொண்டிருப்பதாகப் பலர் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அங்கே இருப்பது பெரும்பாலும் திடப் பாறைதான். அது சில இடங்களில் மட்டும், சில காரணங்களால் உருகும். மேலிருக்கும் அழுத்தம் குறைந்தால் உருகும். கூடுதல் வெப்பம் வந்தால் உருகும். மூன்றாவது காரணம் நீர். கிரானைட்டின் சேர்க்கை கொண்ட பாறை ஆழத்தில் நீரோடு சேர்ந்திருந்தால் சுமார் 650 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். அதே பாறை உலர்ந்திருந்தால் 1,000 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். சிலிக்கனும் ஆக்சிஜனும் பிடித்திருக்கும் பிணைப்புகளை நீர் அறுத்துவிடுவதே காரணம்.

இதிலிருந்து ஒரு பெரிய விளைவு பிறக்கிறது. பூமியில் கிரானைட்டும் அதன் உறவுப் பாறைகளும் இவ்வளவு மிகுந்து கிடப்பதற்குக் காரணம் பூமியில் தண்ணீர் இருப்பதுதான். கடல்தரைப் பாறை நீரைச் சுமந்துகொண்டு ஆழத்துக்குப் புதைகிறது. அந்த நீர் அங்கிருக்கும் பாறையை உருக வைக்கிறது. அப்படித் தொடங்கும் உருகலிலிருந்து எடைகுறைந்த கிரானைட் வகைக் குழம்புகள் பிரிந்து மேலெழுகின்றன. கண்டங்கள் வளர்வது இப்படித்தான். இயான் கேம்ப்பெல், ஸ்டூவர்ட் ராஸ் டெய்லர் என்ற இரு அறிஞர்கள் 1983இல் இதையே ஒரு கட்டுரையாக வாதிட்டார்கள். நீர் இல்லாவிட்டால் கிரானைட் இல்லை, கடல் இல்லாவிட்டால் கண்டமும் இல்லை என்பது அவர்கள் முடிவு.

நிலாவைப் பார்த்தால் இது விளங்கும். நீர் மிகவும் வறண்ட அந்தக் கோளத்தில் கிரானைட் கண்டங்கள் உருவாகவில்லை. அதன் வெளிறிய மேட்டு நிலங்கள் அனார்த்தோசைட் என்ற பாறையால் ஆனவை. நிலா இளமையில் உருகிக் கிடந்தபோது எடைகுறைந்த ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள் மேலே மிதந்து சேர்ந்த பாறை அது. அதே வகைப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி பக்கம் கிடைக்கிறது. சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தைச் சோதிக்க நிலா மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ அந்த ஊர்ப் பாறையைத்தான் பொடித்துப் பயன்படுத்தியது.

குழம்பு எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது என்பதும் கல்லின் முகத்தில் தெரியும். மகாராஷ்டிரத்தின் தக்காணப் பீடபூமி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிளவுகள் வழியே பொங்கிப் பரவிய எரிமலைக் குழம்பு. தரைக்கு வந்ததும் காற்று பட்டு விரைவாக ஆறிவிட்டதால் பசால்ட் என்ற அந்தப் பாறையில் படிகங்கள் வளர நேரம் கிடைக்கவில்லை. கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரியும். ஆழத்திலேயே தங்கி ஆறும் கிரானைட்டுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள், சில நேரம் லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடைக்கும். அதனால் அதன் படிகங்களைத் தனித்தனியே விரல் வைத்துக் காட்டலாம்.

ஹாலந்து பல்லாவரத்துக் கல்லை இந்தக் கண்ணோடுதான் பார்த்தார். மற்ற பாறைகளுக்குள் அது ஊடுருவி நின்ற விதமும், படிகங்கள் பெரிதாக இருந்ததும் அவருக்கு ஒன்றைச் சொல்லின. நீர் மிகக் குறைந்த ஒரு குழம்பு ஆழத்தில் மெல்ல ஆறியது, ஆகவே இது தீப்பாறை என்று அவர் எழுதினார்.

கப்பால்துர்காவின் கருந்திட்டுகள்

எதிர்க்கட்சி வேறு மாதிரி யோசித்தது. பாறை உருகாமலேயே மாற முடியும். ஒரு கிலோமீட்டர் ஆழம் கீழே போனால் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி ஏறும். அழுத்தம் ஏறக்குறைய 270 வளிமண்டல அளவு கூடும். அந்தச் சூழலில் பழைய கனிமங்கள் நிலைக்காது. அணுக்கள் திட நிலையிலேயே இடம் மாறிப் புதிய கனிமங்களாகச் சேரும். சேற்றுப் பாறை பலகைக் கல்லாகும். பலகைக் கல் மைக்கா மினுங்கும் ஏட்டுப் பாறையாகும். அதற்கும் மேலே போனால் வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடிய நைஸ் பாறையாகும்.

இந்தப் படிகளில் நீர் என்ன ஆகிறது என்று கவனித்தால் உருமாற்றத்தின் உட்பொருள் தெரியும். களிமண் கனிமங்களில் நீர் நிறைய இருக்கிறது. அவை மைக்காவாகும்போது ஒரு பங்கு வெளியேறுகிறது. மைக்கா சிதைந்து கார்னெட்டும் ஹைப்பர்ஸ்தீனும் ஆகும்போது மிச்சமும் போய்விடுகிறது. ஆழத்தை நோக்கிப் போகும் உருமாற்றம் பெரிதும் ஓர் உலர்தல். எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஆழத்திலிருந்து வந்த வறண்ட பாறைக்குள் நீர் புகுந்தால் டால்க் என்ற மிக மென்மையான கனிமம் பிறக்கும். நகத்தால் கீறலாம். சேலத்துக் கல்சட்டி செதுக்கப்படும் மாக்கல் அந்த வகைதான். பாட்டிமார் புளிக்குழம்பு வைத்த சட்டிக்குள்ளேயே ஒரு பாறையின் முழு உருமாற்றம் இருக்கிறது.

1960இல் சி. எஸ். பிச்சமுத்து என்ற நிலவியலாளர், கர்நாடகத்தில் கனகபுராவுக்கு அருகேயுள்ள கப்பால்துர்காவில் தான் கண்டதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். சிறிய கட்டுரைதான். ஆனால் உலகின் பல பகுதிகளிலிருந்து நிலவியலாளர்களை அந்த ஊருக்கு வரவழைத்தது. அங்கே சாம்பல் நிற நைஸ் பாறையில் வரிகள் ஒழுங்காக ஓடுகின்றன. நடுவில் திட்டுத்திட்டாக, பிளவுகளையொட்டி, எண்ணெய் தடவிய மாதிரிப் பளபளக்கும் கருமையான சார்னோக்கைட். நைஸின் வரி திட்டுக்குள் நுழைந்து மங்கி மறைகிறது. திட்டுக்கு வெளியே ஹார்ன்பிளெண்டும் மைக்காவும் இருக்கின்றன. உள்ளே அவை போய் ஹைப்பர்ஸ்தீன் வந்திருக்கிறது. குழம்பு வந்து புகுந்திருந்தால் எல்லைக்கோடு கூர்மையாக இருந்திருக்கும், வரிகளும் அறுந்திருக்கும். இங்கே திடமாக நின்ற பாறையே, நின்ற இடத்திலேயே சார்னோக்கைட்டாக மாறத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது. 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நின்றுபோன ஒரு செயலை நாம் இன்று விரலால் தொட்டுப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு.

தண்ணீரை விரட்டியது யார்? இப்படிப்பட்ட பாறைகளின் படிகங்களுக்குள் நுண்ணிய குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. அவற்றில் பல கரியமில வாயு நிறைந்தவை. ஆழத்திலிருந்து பிளவுகள் வழியே கரியமில வாயு ஏறிவந்து நீரைத் தள்ளிவிட்டது என்றனர் ஒரு சாரார். பாறையின் ஒரு பகுதி லேசாக உருகி, அந்த உருகல் நீரைத் தனக்குள் வாங்கிக்கொண்டு மேலே போய்விட, எஞ்சியது உலர்ந்த சக்கையாக நின்றது என்றனர் மற்றவர்கள். உருகலுக்கு நீரின் மீது பசி அதிகம் என்பதால் இதுவும் நடக்கக்கூடியதே. இடத்துக்கு இடம் இரண்டுமே நடந்திருக்கலாம். பல்லாவரத்துக் கல்லைப் பொறுத்தவரை, முதலில் குழம்பாக நுழைந்தது, பிறகு அதே ஆழத்தில் நெடுங்காலம் வெந்து உருமாறியது என்றே இன்று பலரும் கருதுகிறார்கள். ஹாலந்தும் தோற்கவில்லை, எதிர்த்தவர்களும் தோற்கவில்லை.

நீர் போனதால் இன்னொன்றும் நடந்தது. இந்தப் பாறை குளிர்ந்துகொண்டே மேலே வந்தபோது, ஹைப்பர்ஸ்தீன் மறுபடி ஹார்ன்பிளெண்டாகவும் மைக்காவாகவும் திரும்பியிருக்க வேண்டும். அதற்கு நீர் வேண்டும். அது இல்லை. அதனால் 20 கிலோமீட்டர் ஆழத்துக் கனிமங்கள் அப்படியே கெடாமல் மேற்பரப்புவரை வந்துசேர்ந்தன. நாம் அந்த ஆழத்தின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் இன்று கணக்கிட முடிவது இதனால்தான். கார்னெட்டும் ஹைப்பர்ஸ்தீனும் இரும்பையும் மக்னீசியத்தையும் எந்த விகிதத்தில் பங்கிட்டுக்கொண்டுள்ளன என்று அளந்தால் வெப்பநிலை கிடைத்துவிடும். ஏடு ஏடாகப் பிரியும் மைக்கா குறைவென்பதால் கல்லின் உறுதியும் கூடுகிறது. பல்லாவரம் குன்றில் மகேந்திரவர்மப் பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகைக் கோயிலின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. இப்போது அது தர்காவாக இருக்கிறது.

அடியிலிருந்தது எப்படி மேலே வந்தது

இதற்கான விடையும் பரங்கிமலையைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்த மலையடிவாரத்தில் எஃகுச் சங்கிலி போட்டு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவையே முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவை அங்கே தொடங்கி இமயமலை அடிவாரம்வரை போனது. வடக்கே போனபோது ஒரு தகராறு எழுந்தது. கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரம், முக்கோணக் கணக்கில் ஒன்றாகவும் நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் வேறாகவும் வந்தது. வித்தியாசம் சுமார் 150 மீட்டர். தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுப்பதால் பிழை வருகிறது என்று புரிந்தது. கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த கணித அறிஞர் ஜான் பிராட் மலையின் நிறையைக் கணக்கிட்டுப் பார்த்தார். மலை இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருந்தது.

1855இல் ஜார்ஜ் ஏரி இதற்கு விளக்கம் தந்தார். மலைக்கு அடியில் எடைகுறைந்த பாறை ஆழமாக வேர்விட்டிருக்கிறது, அடர்ந்த அடிப்பாறையில் அது அமிழ்ந்து மிதக்கிறது என்றார். பாரம் ஏற்றிய தோணி ஆற்றில் அமிழ்ந்து நிற்கிறது. மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினால் தோணி மேலே எழும். மழையும் ஆறும் மலையின் தலையைக் கரைக்கக் கரைக்க, வேர் உயர்ந்து வருகிறது. உயர்ந்ததையும் மழை கரைக்கிறது. இப்படியே கோடிக்கணக்கான ஆண்டுகள் போனால், ஒரு காலத்தில் மலைத்தொடரின் வேராக இருந்த பாறை வெயிலுக்கு வந்துவிடும். பல்லாவரம் அப்படி வந்த வேர். அதற்குக் கீழே இன்றும் 35 கிலோமீட்டரை ஒட்டிய மேலோடு இருக்கிறது. மேலே போனதையும் கூட்டினால் 55 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. இமயமலைக்கு அடியில் இருப்பதை நெருங்கும் தடிமன் அது. இங்கே ஒரு காலத்தில் பெரிய மலைத்தொடர் நின்றது என்று நிலவியலாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

கரைந்த மலைகளின் மணல்

பழைய கண்டத்திலிருந்து அரிக்கப்பட்ட அவ்வளவு பாறையும் ஆற்று மணலாகப் போய் எங்கோ படிந்தாக வேண்டும். அதில் ஒரு பகுதியைத் திருப்பதி போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். திருமலை மலைப்பாதையில் கீழே பழைய கிரானைட்டும் நைஸும் இருக்கின்றன. அதன் மேல் படுக்கை படுக்கையாகக் குவார்ட்சைட் பாறை உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழும் மேலும் இருக்கும் பாறைகளுக்கு இடையே ஏறக்குறைய 80 கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. அந்தக் காலம் முழுவதும் நிலம் அரிபட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கடல் வந்து அதன் மேல் மணலைப் பரப்பியது. திருமலையின் சிலாதோரணமும் நகரி மலையின் செங்குத்துப் பாறைகளும் அந்த மணல்தான்.

மணல் கல்லாவதற்குப் புதைந்தால் மட்டும் போதாது. இடுக்குகளில் ஊறிப் போகும் நீர், கரைந்த சிலிக்காவையோ சுண்ணத்தையோ இரும்புத் துருவையோ கொண்டுவந்து அங்கே விட்டுச் செல்ல வேண்டும். அந்தக் கலவைதான் மணிகளைப் பிணைக்கிறது. சிலிக்காவால் நன்றாகப் பிணைந்த மணற்கல் மேலும் சூடும் அழுத்தமும் பட்டால், மணிகளுக்கு இடையேயான எல்லையே அழிந்து குவார்ட்சைட்டாகிறது. மணற்கல்லை உடைத்தால் மணிகளைச் சுற்றி உடையும். குவார்ட்சைட் மணிகளுக்கு ஊடாகவே உடையும். அதனால் விளிம்பு கத்தி முனையாகக் கிடைக்கிறது.

இந்த நுட்பம் ஆதிமனிதனுக்குத் தெரிந்திருந்தது. 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் செம்புரைச் சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது. சுற்றிலும் சார்னோக்கைட் மலை நிற்க, அந்தக் கருவியைச் செய்தவன் தேர்ந்தது குவார்ட்சைட்டை. வடக்கே மலைகளிலிருந்து உடைந்து, ஆறுகளில் உருண்டு கூழாங்கல்லாகி, மறுபடி படிவுப் பாறைக்குள் பதிந்து, மறுபடி வெளிப்பட்ட கல் அது. அதே ஆண்டு ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்ட அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்புவின் குழு பின்னாளில் அகழ்ந்து ஆராய்ந்தது. அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று அவர்கள் 2011இல் அறிவித்தார்கள்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துப் படிவுகள் மிகவும் இளையவை. இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிரியத் தொடங்கியது சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அந்தப் பிளவில் தாழ்ந்த நிலத்துக்குள் கடல் புகுந்தது. சிப்பிகளும் பவளமும் அம்மோனைட்டுகளும் இறந்து படிந்து சுண்ணாம்புப் பாறையாயின. சாத்தனூரில் கடற்சேற்றில் புதைந்த 18 மீட்டர் நீள மரமொன்று கல்லாகக் கிடக்கிறது. அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளுக்குப் போவது அந்தக் கடலின் தரைதான். இந்தியா பிரிந்து வந்த அந்த அண்டார்டிகாவில், ஆஸ்திரேலியர்களின் மாசன் ஆய்வு நிலையம் நிற்கும் பாறையும் சார்னோக்கைட். இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் சார்னோக்கைட் உண்டு.

மழைக்குத் திரும்பிய கல்

20 கிலோமீட்டர் ஆழத்தைத் தாங்கிய பாறை நம்மூர் மழைக்குத் தோற்கிறது. நீர் பட்டதும் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது. ஹைப்பர்ஸ்தீனின் இரும்பு துருவேறிச் சிவக்கிறது. மழையும் வெயிலும் மாறி மாறி வரும் வெப்ப நாடுகளில் சிலிக்கா கரைந்து போய்விட, இரும்பும் அலுமினியமும் மட்டும் எஞ்சிச் செம்புரைக்கல்லாக இறுகும். 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கல்லை விட்டுப் போன நீர் இப்படித் திரும்பி வந்து, அதை மறுபடி மண்ணாக்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் களிமண் கடலில் படியும். புதையும். மறுபடி உலரும்.

நாம் இதைவிட வேகமாக வேலை செய்கிறோம். சென்னையின் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் பல்லாவரம், திரிசூலம் பக்கத்து மலைகள் பல பத்தாண்டுகளாக ஜல்லியாகப் போயிருக்கின்றன. கைவிடப்பட்ட குவாரிகளில் மழைநீர் நிற்கிறது. கல்லுக்குள் துளையில்லாததால் விரிசல்களைத் தவிர நீர் போக வழியில்லை. 2017இலும் 2019இலும் ஏரிகள் வறண்டபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் குவாரிகளின் நீரைச் சுத்திகரித்து நகரத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.

குவாரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கப்பால்துர்காவின் ரகசியம் வெளிப்பட்டதும் வெட்டிய கல்முகத்தில்தான். மழை தின்ற மேற்பரப்பில் சார்னோக்கைட் வெளிறிப்போய்ப் பழுப்பாகத் தெரியும். புதிதாக உடைத்த முகத்தில்தான் அந்த எண்ணெய்ப் பளபளப்பும், நீலம் கலந்த குவார்ட்ஸும், கார்னெட்டின் சிவப்புப் பொட்டும் தெரியும். பரங்கிமலையின் சார்னோக்கைட்டை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆனால் அந்த மலைக்குப் படியேறும் ஆயிரக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கே அது தெரியும். திரிசூலத்திலோ பல்லாவரத்திலோ ஒரே ஒரு குவாரிச் சுவரையாவது குப்பை கொட்டாமல், மூடாமல் விட்டுவைக்க வேண்டும். அதைச் சுத்தம் செய்து, பாதுகாப்பான படி அமைத்து, தமிழில் ஒரு பலகை வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும். மூன்று வகைப் பாறைகளைப் பற்றிய பாடத்தை அங்கே நின்று நடத்தினால், இது எந்த வகை என்ற கேள்வியைப் பிள்ளைகளே எழுப்புவார்கள்.